உயரமும் நிறையும் மட்டும் போதுமா?

குழந்தை பிறந்தவுடன் அதன் நிறையைக் கேட்டறியாத பெற்றோர் இல்லை. அதன் பின்னர் ஐந்து வயது வரை காலத்துக்குக் காலம் பிள்ளையை கிளினிக்குக்குக் கொண்டுசென்று நிறுப்பதும், குடும்பநல உத்தியோகத்தர் அந்நிறையைப் பதிவேட்டில் குறிப்பதும் எமது வீடுகளில் வழமையாகிவிட்டன. ஆனால், அப்பதிவேட்டைப் பத்திரமாகப் பேணும் தாயிடமோ தந்தையிடமோ அவர்களது வயிற்றுச் சுற்றளவு என்னவென்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது. தையற்காரர் எடுத்த அளவைத் தவிர வேறெதனையும் பலர் அறியார்.

குடாநாட்டில் உடலை அளப்பது நெடுங்காலம் பசியைக் கண்டறிவதற்கான வழியாகவே இருந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்தபோதும், 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோதும் போசாக்கின்மையே முதற் கவலையாக இருந்தது. 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் நீண்டகாலம் முகாம்களில் வாழ்ந்த முஸ்லிம் மக்களின் நிலையும் அதுவே. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் அது கடும் போசாக்கின்மை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அந்த அளவீடு இன்றும் அவசியமானதே. எனினும் அதே வீட்டில் வளர்ந்தோரை இன்று அச்சுறுத்துவது வேறொன்று. அது நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் மாரடைப்புமாகும்.

வளர்ந்தோருக்குப் பொதுவாகப் பயன்படுவது உடற்றிணிவுச் சுட்டி. கிலோகிராமில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். பெல்ஜியத்தைச் சேர்ந்த குவெற்லே 19ஆம் நூற்றாண்டில் வகுத்த இக்கணக்குக்கு, 1972இல் அமெரிக்க அறிஞர் அன்சல் கீஸ் இப்பெயரை இட்டார். அதன்படி 25க்கு மேற்பட்டால் அதிக நிறை. ஆனால் அவ்வெல்லை பெரும்பாலும் ஐரோப்பியரை வைத்து வகுக்கப்பட்டது. ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே ஆபத்து கூடத் தொடங்குகிறது என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் அறிவித்தது. 165 சென்ரிமீற்றர் உயரமும் 66 கிலோகிராம் நிறையும் உடைய ஒருவரின் சுட்டி ஏறத்தாழ 24. பொது எல்லைப்படி அவர் நலமானவர். எமக்குரிய எல்லைப்படி அவர் எச்சரிக்கைக்குரியவர்.

இதற்குக் காரணம், தென்னாசியரின் உடலில் கொழுப்பு வயிற்றினுள்ளே உறுப்புகளைச் சுற்றிப் படிவதாகும். கையும் காலும் மெலிந்திருக்க, வயிறு மட்டும் முன்தள்ளிய தோற்றம் எமக்குப் பழக்கமானதே. அதனை வசதியின் அடையாளமாகக் கருதியோரும் எம்மிடையே இருந்தனர். நிறைத்தராசு இவ்வேறுபாட்டைக் காட்டாது; அளவுநாடா காட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்டபின், இறுக்காமல் அளக்கவேண்டும். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லையாகும். நாடா இல்லாதவிடத்து ஒரு நூற்கயிறு போதும். உயரத்தின் அளவுக்குக் கயிற்றை வெட்டி, இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றினால், நுனிகள் ஒன்றையொன்று தொடவேண்டும். தொடாவிட்டால் வைத்தியரை நாடவேண்டும். கர்ப்பிணித் தாய்மாருக்கு இவ்வளவுகள் பொருந்தா.

பசிக்காலமும் இந்நோய்களும் தொடர்பற்றவை அல்ல. 1944-45இல் நெதர்லாந்தில் நிலவிய பஞ்சத்தின்போது கருவிலிருந்தோரை ஆராய்ந்தவர்கள், அவர்கள் நடுவயதை அடைந்தபோது குருதியில் சீனியைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் குறைந்திருந்ததைக் கண்டனர். பற்றாக்குறைக்குப் பழகிய உடலுக்குப் பின்னாளில் வரும் மிகையுணவு சுமையாகிறது. 1995 இடப்பெயர்வின்போது கருவிலிருந்தோர் இன்று முப்பது வயதளவில் உள்ளனர். சைக்கிளில் சென்ற தூரத்தை மோட்டார் சைக்கிளில் கடந்து, கோப்பை நிறையச் சோறு உண்ணும் அத்தலைமுறை நாற்பது வயது வரை காத்திராமல் தன்னை அளந்துபார்ப்பது நன்று.

அளவு நோயைத் தீர்மானிப்பதில்லை. பரிசோதனைக்குச் செல்லும் நேரத்தையே அது சொல்கிறது. குருதியமுக்கமும் குருதியிலுள்ள சீனியும் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணமின்றிப் பார்க்கப்படுகின்றன. நோய் வருமுன் இவற்றைப் பரிசோதிக்கச் செல்வோரில் ஆண்கள் குறைவு என்பதே கவலைக்குரியது. குடும்பத்துக்காக உழைப்பவர் நோய்வாய்ப்பட்டால் அது முழுக் குடும்பத்தையும் தாக்கும்.

ஆகவே சனசமூக நிலையங்களும் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் ஒரு சுவரில் உயரக்கோட்டை வரைந்து, ஓர் அளவுநாடாவைத் தொங்கவிடலாம். கேலிக்கு இடமின்றி, ஆறு மாதத்துக்கொருமுறை ஒவ்வொருவரும் தம்மை அளந்து குறித்துக்கொள்ளலாம். பிள்ளையின் பதிவேட்டில் ஒரு புள்ளி தாழ்ந்தால் பதறும் நாம், எமது வயிற்றின் அளவு ஏறும்போதும் அதே அக்கறையைக் காட்டுவது அப்பிள்ளைக்குச் செய்யும் கடமையுமாகும்.