காற்றின் ஏற்றமும் இறக்கமும்: இராமநாதபுரக் கடற்கரைக்கு ஒரு பாடம்

காற்று கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆயினும், இராமநாதபுரம் கடற்கரையில் அதன் தயவின்றி ஒரு நாளும் கழிவதில்லை. களத்தில் நெல் தூற்றுவதற்கும், மிளகாய் வற்றலாவதற்கும், அளத்தில் உப்பு விளைவதற்கும் காற்றே துணை. அதே காற்றுதான் 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் தனுஷ்கோடியைப் பாழாக்கியது. நாள்தோறும் துணை நிற்கும் காற்று சில வேளை பகையாக மாறுவது ஏன்? எந்த விதிகளுக்கு உட்பட்டு அது எழுகிறது, இறங்குகிறது, ஓடுகிறது? கடலோரப் பஞ்சாயத்துகளின் உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் இவற்றை அறிந்திருப்பது அவசியமாகும்.

காற்றுக்கும் எடை உண்டு

தரைமட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோகிராம் எடையுள்ளது. நமக்கு மேலே பல கிலோமீட்டர் உயரம் வரை பரந்து கிடக்கும் காற்று முழுவதும் கீழ்நோக்கி அழுத்துகிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலும் அந்த அழுத்தம் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடைக்குச் சமமாகும். நம் உடலினுள்ளும் அதே அழுத்தம் இருப்பதால் நாம் அதனை உணர்வதில்லை.

கிணற்று நீரைப் பம்பு இழுக்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் பம்பு குழாயினுள் உள்ள காற்றை மட்டுமே அகற்றுகிறது. கிணற்று நீரின்மேல் அழுத்தும் வெளிக்காற்றுதான் நீரைக் குழாயில் ஏற்றுகிறது. அக்காற்றினால் 10 மீட்டருக்கு மேல் நீரை உயர்த்த இயலாது. நடைமுறையில் கிடைப்பது 7 மீட்டர் அளவே. நீர்மட்டம் தாழ்ந்தபோது நம் விவசாயிகள் பம்பையே கிணற்றுக்குள் இறக்கி வைத்ததன் காரணம் இதுதான்.

எழும் காற்றும் இறங்கும் காற்றும்

சூடேறிய காற்று விரிகிறது. விரிந்த காற்று அதே அளவுள்ள குளிர்ந்த காற்றைவிட எடை குறைந்தது. ஆகவே, சுற்றிலுமுள்ள கனத்த காற்று அதனை மேலே தள்ளுகிறது. அடுப்புப் புகை மேலெழுவதில் இதனைக் காணலாம்.

உயரே செல்லச் செல்ல அழுத்தம் குறைகிறது. ஆதலால், மேலெழும் காற்று மேலும் விரிந்து குளிர்கிறது. ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்திற்கும் உலர்ந்த காற்று ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் குளிரும். குளிர்ந்ததும் அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகி மேகமாகும். இறங்கும் காற்றோ இதற்கு நேர்மாறானது. அது கீழே வருகையில் அழுத்தப்பட்டுச் சூடேறுகிறது, மேகமும் கரைந்துவிடுகிறது. சுருங்கக் கூறின், எழும் காற்று மழைக்கும் இறங்கும் காற்று வறட்சிக்கும் வழி செய்யும்.

நம் மாவட்டத்தின் நிலையை இவ்விதி தெளிவாக விளக்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது கேரளப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிடுகிறது. பின்னர் கிழக்குச் சரிவில் இறங்கி, வெம்மையும் உலர்வுமாக நம்மிடம் வந்து சேர்கிறது. பயிருக்கு உதவாத அந்த மேல்காற்று வாலிநோக்கம் உப்பளங்களுக்கு உதவுகிறது. நமக்குரிய மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்திலேயே கிடைக்கிறது. புரட்டாசியில் புழுதி விதைப்புச் செய்துவிட்டு வானத்தை நோக்கியிருக்கும் நமது வழக்கம் இக்காற்று முறையை ஒட்டி அமைந்ததேயாகும்.

கடற்காற்றும் கரைக்காற்றும்

வெயில் கடலின்மீதும் கரையின்மீதும் ஒன்றுபோலவே விழுகிறது. ஆனால், ஒரே எடையுள்ள மணலையும் நீரையும் ஒரே அளவு சூடேற்ற, நீருக்கு நான்கைந்து மடங்கு வெப்பம் வேண்டும். மேலும், அலைகளால் கலக்கப்படும் கடல் தான் பெற்ற வெப்பத்தை ஆழத்திலும் பரப்பிக்கொள்கிறது. எனவே, நண்பகலுக்குள் கரை கொதிக்கிறது. கடல் குளிர்ந்தே இருக்கிறது. கரையிலுள்ள காற்று எழ, அங்கு அழுத்தம் குறைய, கடலிலிருந்து காற்று உள்நோக்கி வருகிறது. கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் அது தெற்கிலிருந்தும், தேவிபட்டினத்திலும் தொண்டியிலும் கிழக்கிலிருந்தும் வீசும்.

இரவில் கரை விரைவில் குளிர்வதால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கித் திரும்புகிறது. பாய்மரத்தை நம்பித் தொழில் செய்த மீனவர்கள் கரைக்காற்றில் விடியுமுன் புறப்பட்டுக் கடற்காற்றில் திரும்பியது இதனை அறிந்தே. கண்டம் முழுவதும் சூடேறுவதாலும் குளிர்வதாலும் இதே மாற்றம் பெரிய அளவில் நிகழ்வதே பருவக்காற்று. வாடை வீசும் காலத்தில் பாக் நீரிணையாகிய வடகடல் கொந்தளிக்கும். கச்சான் வீசும் காலத்தில் மன்னார் வளைகுடாவாகிய தென்கடல் கொந்தளிக்கும். ஆதலின், பாம்பன், இராமேசுவரம் மீனவர்கள் பருவத்திற்கேற்பக் கடல் மாறித் தொழில் செய்வதுண்டு.

புயல் உருவாகும் விதம்

கடல்நீர் ஏறத்தாழ 27 டிகிரிக்கு மேல் சூடேறியிருக்கும்போது, அதன்மேலுள்ள ஈரக்காற்று பெருமளவில் எழக்கூடும். நீராவி துளியாகும்போது தன்னுள் அடங்கியிருந்த வெப்பத்தை வெளியிடுகிறது. அவ்வெப்பம் காற்றை மேலும் எழச் செய்கிறது. கீழே அழுத்தம் இன்னும் குறைகிறது. அந்தக் குறையை நிரப்ப நாற்புறமும் காற்று ஓடிவருகிறது. பூமியின் சுழற்சியால் நம் வடகோளத்தில் அது வலப்பக்கம் விலக்கப்படுகிறது. ஆகவே, அது நேரே மையத்தை அடையாமல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. இதுவே புயல்.

அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். ஆனால், பெருங்கேடு விளைவிப்பது காற்று கரையை நோக்கித் தள்ளிவரும் நீரே. பாக் நீரிணை போன்ற ஆழமற்ற கடலில் அந்நீர் குவிந்து உயரும். 1964-இல் அந்தமானுக்கு அருகே தோன்றிய புயல் இலங்கையின் வடபகுதியைக் கடந்து வந்தபோது இதுவே நேர்ந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த இரயிலைக் கடல் விழுங்கியது; அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாம்பன் பாலமும் சிதைந்தது. பொறியாளர் ஸ்ரீதரனின் பொறுப்பில் அது 46 நாட்களில் சீர்செய்யப்பட்டது. தனுஷ்கோடியோ வாழத் தகுதியற்ற இடமென அரசினரால் அறிவிக்கப்பட்டது.

நாம் செய்ய வேண்டுவன

புயல்காலத்தில் காற்று விடாது வலுத்துவருமாயின், அதற்கு முதுகு காட்டி நில்லுங்கள். குறைந்த அழுத்தமுள்ள மையம் உங்கள் இடப்பக்கத்தில் இருக்கும். இராமேசுவரத்தில் வடகாற்று வலுத்தால் மையம் கிழக்கே உள்ளது என்று கொள்ளலாம். அன்றாடக் கடற்காற்றுக்கு இக்கணக்குப் பொருந்தாது.

பெருங்காற்று திடீரென ஓய்ந்தால் புயல் போய்விட்டதென நம்பி வெளியே வருதல் கூடாது. மையம் நம்மேல் நிற்கும்போதும் அமைதி நிலவும். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று வீசும். வடகடலில் எழுந்த நீர் அடங்கிய பின் தென்கடல் நீர் ஊருக்குள் பாயவும் கூடும்.

வானிலைத் துறை, கரையோரத்தில் பாதகமான வானிலை தொடங்குவதற்கு 48 மணி நேரம் முன்னரே புயல் எச்சரிக்கையை வெளியிடத் தொடங்குகிறது. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் கூண்டின் எண்ணையும் அதன் பொருளையும் ஒவ்வொரு குடும்பமும் அறியும்படி செய்தல் பஞ்சாயத்தின் கடமையாகும். 8 முதல் 10 வரையுள்ள எண்கள் பேரபாயத்தைக் குறிப்பன. ஊரிலுள்ள முதியோர், கருவுற்ற தாய்மார், நோயாளிகள் ஆகியோரின் பட்டியலை ஐப்பசி பிறக்குமுன் ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும். அவர்களை யார் அழைத்துச் செல்வது, எந்தக் கட்டடத்தில் தங்கவைப்பது என்பதையும் அப்போதே முடிவு செய்தல் நலம்.

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. தனுஷ்கோடி மக்களுக்குக் கிட்டாத முன்னறிவிப்பு இன்று நமக்குக் கிட்டுகிறது. அதனைக் கேட்டு உரிய காலத்தில் நடப்பது நம் கையில் உள்ளது.