அடுப்பங்கரைத் துடுப்பு

துடுப்பு என்றதும் படகு ஞாபகத்துக்கு வருகிறதா? உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் எங்கள் வீட்டுத் துடுப்பு ஆற்றையே கண்டதில்லை. அது கண்டதெல்லாம் அல்வாவும், களியும், திரட்டுப்பாலுந்தான். ஒரு முழ நீளம், பலா மரம், நுனி அகன்று, பிடி மெலிந்து, தேனும் காப்பியும் கலந்தாற்போல் ஒரு நிறம். அம்மா அதை யாரிடமும் கொடுக்கமாட்டாள்.

அம்மா போன பிறகு பாத்திரம் பண்டங்களைப் பங்கு போட்டோம். அக்கா வெண்கலப் பானையை எடுத்துக்கொண்டாள். மன்னி ஈயச் சொம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "எனக்குத் துடுப்பு போதும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

சென்னைக்குக் கொண்டுவந்த மூன்றாம் மாதமே அதைக் கெடுத்தேன்! கோதுமை அல்வா கிண்டினேன். ஏனோ துடுப்பு என் கைக்கு ஒத்துவரவில்லை. எப்படிப் பிடித்தாலும் அடியைச் சரியாகத் துழாவாமல் நழுவியது. அல்வா அடிப்பிடித்தது. துடுப்பிலும் பசையாக ஒட்டிக்கொண்டது. இராத்திரி முழுவதும் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு, காலையில் சுளீரென்ற வெயிலில் காயவைத்தேன். சாயங்காலம் பார்த்தால் நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அதை மறைக்கலாமென்று கடையில் வார்னிஷ் வாங்கிப் பூசினேன். அது முன்னதைவிடப் பெரிய அசட்டுத்தனம். அடுத்த வாரம் பாயசம் கிளறியபோது வார்னிஷ் வாசனை முந்திக்கொண்டு வந்தது. "இது என்ன பாயசம், அம்மா? பெயிண்ட் பாயசமா?" என்றாள் என் பெண்.

அந்த வாரக் கடைசியில் துடுப்பைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு திருச்சிக்கு ரயில் ஏறினேன்.

எந்த ஓரம் தேய்ந்தது?

அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வேலை செய்த தச்சர் ஒருவர் காவேரிக் கரையில் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். துடுப்பைக் கையில் வாங்கினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெடிப்பைப் பற்றியோ, வார்னிஷைப் பற்றியோ அவர் கேட்கவில்லை.

"உங்க அம்மாவுக்கு இடது கைப் பழக்கமா, பாப்பா?" என்றார்.

"இல்லையே! அம்மா எல்லாம் வலது கையால்தானே செய்வாள்?"

அவர் பேசாமல் உள்ளே போய்த் தம் வீட்டுத் துடுப்பைக் கொண்டுவந்து, இரண்டையும் அருகருகே வைத்தார். வலது கையால் கிளறுகிறவர்களுக்குப் பாத்திரத்தின் அடியை உரசுவது நுனியின் இடது ஓரம். வருஷக் கணக்கில் கிளறினால் அந்த ஓரம் சாய்வாகத் தேய்ந்துவிடும். அவர் சம்சாரத்தின் துடுப்பு அப்படித்தான் இருந்தது. அம்மாவின் துடுப்பிலோ வலது ஓரம் தேய்ந்திருந்தது. ஒன்றைக் கண்ணாடியில் பார்த்தால் மற்றது!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று சாயங்காலமே ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அத்தையிடம் ஓடினேன்.

"உனக்குத் தெரியாதா?" என்றாள் அத்தை. "கல்யாணமாகி வந்த புதுசில் இடது கையால் கரண்டியை எடுத்தாள் என்று எங்கம்மா அவளைப் படுத்தின பாடு! பரிமாறுவது, கோலம் போடுவது, பூத்தொடுப்பது எல்லாம் வலது கைக்கு மாற்றிக்கொண்டாள், பாவம். ஆனால் மத்தியானம் எல்லோரும் தூங்குகிற வேளையில் தனியாக அடுப்படியில் நின்று கிண்டும்போது யார் பார்க்கப் போகிறார்கள்?"

நாற்பது வருஷத்துக்கு மேல் அவள் அந்த வீட்டில் சமைத்தாள். அவள் வயிற்றில் பிறந்த எங்களுக்கு இது தெரியாது. எனக்கு வேறொன்றும் ஞாபகம் வந்தது. பென்சிலை இடது கையில் பிடிக்கிறாள் என்று என் பெண்ணின் விரலை நான் எத்தனை தடவை தட்டியிருக்கிறேன்!

முதலில் மரம்

"இதைச் செப்பனிட முடியாது. வெடிப்புக்குள் ஈரமும் அழுக்கும் தங்கும். சமையலுக்கு வேண்டாம், பத்திரமாக எடுத்து வை. புதுசு ஒன்று நீயே செய்துகொள், சொல்லித் தருகிறேன்" என்றார் தச்சர். பத்து நாள் தங்கிக் கற்றுக்கொண்டேன். வாசகிகளுக்கும் உபயோகப்படும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

எல்லா மரமும் வாய்க்கு ஆகாது. பலா, மா, புளி, வேம்பு, கொய்யா ஆகியவை நல்லவை. வேம்பில் முதலில் கொஞ்சம் கசப்பு இருக்கும். நாலு தடவை வெந்நீரில் கழுவினால் குறைந்துவிடும். பலா வெட்டும்போது மஞ்சளாக இருந்து, வயதாக ஆகப் பழுப்பேறும். எட்டி, அரளி இரண்டும் விஷம். அவற்றின் பக்கமே போகக் கூடாது. ஒட்டுப் பலகையில் பசை இருக்கிறது. சாமான் வந்த பெட்டிப் பலகையில் என்ன மருந்து அடித்திருக்கிறார்களோ, யார் கண்டது? இரண்டும் வேண்டாம்.

பச்சை மரமே செதுக்குவதற்குச் சுலபம். காய்ந்த மரத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டும். ஆனால் பச்சை மரம் காயும்போது சுருங்கும். வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிப்புறமாகச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. இந்த இழுபறியில்தான் மரம் வெடிக்கிறது. ஆகவே கிளையின் நடு மையம் நம் துண்டுக்குள் இருக்கவே கூடாது. கிளையை இரண்டாகப் பிளந்து, மையத்தை நீக்கிவிட்டு, மீதியில்தான் கரண்டி செய்ய வேண்டும்.

அறுப்பதைவிடப் பிளப்பதே மேல். பிளந்தால் மரத்தின் நார் பிடியின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அறுபடாமல் ஓடும். ரம்பம் நாரைக் கவனிப்பதில்லை. குறுக்கே அறுத்துக்கொண்டு போய்விடும். அப்படிச் செய்த பிடி, கெட்டிக் களியில் ஒரு நாள் 'படக்' என்று முறியும்.

செதுக்குவது எப்படி?

துண்டின் மேல் பென்சிலால் உருவம் வரைந்துகொள்ள வேண்டும். வேண்டாத பாகத்தை வாச்சியால் கொத்தித் தள்ள வேண்டும். (இதை எனக்காகத் தச்சரே செய்தார்.) குழிவான கரண்டியானால், முதலில் குழியைத் தோண்டிவிட்டுப் பிறகு பின்புறத்தை மெலிய வைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் உளி மறுபுறம் எட்டிப் பார்க்கும். என் முதல் கரண்டி அப்படித்தான் சல்லடைக் கரண்டி ஆயிற்று.

கத்தி வேலைக்குத் தச்சர் சொன்ன விதி ஒன்றுதான்: கத்தி நழுவினால் எங்கே போய் நிற்கும் என்று முதலில் பார், அங்கே உன் கையோ தொடையோ இருந்தால் வெட்டாதே. மொண்ணைக் கத்திதான் ஆபத்து. அதைப் பலமாக அழுத்த வேண்டியிருக்கும்.

அன்றைக்கு முடியாவிட்டால், துண்டை அது உதிர்த்த சிராய்களோடேயே ஒரு பையில் போட்டுக் கட்டி வைக்க வேண்டும். ஈரம் மெதுவாகப் போகும்; வெடிக்காது. செதுக்கி முடித்ததைச் செய்தித்தாளில் சுற்றி நிழலில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்தோம். மரத்துக்கு அவசரம் ஆகாது. நான் வெயிலில் வைத்தது ஞாபகமிருக்கிறதல்லவா?

மெருகு தரும் இலை

காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். முதலில் 120 எண் தாள், பிறகு 180, கடைசியில் 320. தச்சர் இன்னொன்றும் காட்டினார்: பராய் இலை. திருச்சிக்குப் பக்கத்தில் திருப்பராய்த்துறை என்ற தலம் இருக்கிறதே, அங்கே தலவிருட்சம் இந்தப் பராய் மரந்தான். இலை தொட்டால் சொரசொரவென்று இருக்கும். உப்புத்தாள் வருவதற்கு முன் மரத்தையும் தந்தத்தையும் இதைக்கொண்டே மெருகிட்டார்கள்.

தேய்த்து வழவழப்பானதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கரண்டியை ஒரு தடவை தண்ணீரில் நனைத்துக் காயவையுங்கள். படுத்திருந்த நுண்ணிய நாரெல்லாம் எழுந்து நின்று, பூனை நாக்குப் போல் ஆகிவிடும். மறுபடி தேய்க்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று தடவை செய்துவிட்டால், பிறகு குழம்பில் போட்டாலும் நார் எழாது.

எந்த எண்ணெய்?

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறோம். எண்ணெயில் இரண்டு ஜாதி உண்டு. காற்றுப் பட்டு உறைந்து கெட்டியாகிற எண்ணெய் ஒன்று. எத்தனை நாளானாலும் எண்ணெயாகவே இருப்பது இன்னொன்று. தேங்காயெண்ணெயும் கடலையெண்ணெயும் இரண்டாவது ஜாதி. நல்லெண்ணெய் நடுவில் நிற்பது. இவற்றைத் தடவினால் அன்றைக்குப் பளபளக்கும். நாளடைவில் பிசுக்கும் சிக்கு வாடையும் வரலாம்.

ஆளி விதை எண்ணெயும், அக்ரூட் எண்ணெயும் உறையும் ஜாதி. உண்பதற்கென்று விற்கும் சுத்தமான எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். பெயிண்ட் கடையில் 'காய்ச்சியது' என்று விற்கும் ஆளி விதை எண்ணெயில், சீக்கிரம் உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்ப்பதுண்டு. அது நாற்காலிக்கு ஆகும், நாக்குக்கு ஆகாது. எண்ணெயை மெல்லியதாகத் தடவி, அரை மணி கழித்து மேலே நிற்பதை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். பல நாள் காயவிட்டு மறுபடி ஒரு பூச்சு. மூன்று பூச்சுக்குப் பின் சில வாரம் பொறுத்திருந்து உபயோகிக்கலாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் உறையும்போது சூடு பிறக்கும். சுருட்டின துணிக்குள் சூடு அடைபட்டுத் தானே தீப்பற்றிவிடும். கதையல்ல, நிஜம். துணியைத் தண்ணீரில் நனைத்து, திறந்த வெளியில் விரித்துக் காயப்போட்டுவிட்டு எறியுங்கள்.

மேல் மெருகுக்குத் தேன்மெழுகு. ஒரு பங்கு மெழுகுக்கு நாலு பங்கு எண்ணெய். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்க வேண்டும். நேரே அடுப்பில் வைக்கக் கூடாது. தேன்மெழுகு 60 டிகிரிக்குச் சற்று மேலேயே உருகிவிடும். ஆகையால் கொதிக்கிற சாம்பாரில் அது நிரந்தரமாக நிற்காது. அவ்வப்போது பூச வேண்டியதுதான்.

அரக்கும் அன்பும்

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் உள்ள சன்னப்பட்டணத்து மர பொம்மைகளைப் பார்த்திருப்பீர்கள். வெட்பாலை மரத்தைக் கடைந்து, அது சுழலும்போதே வர்ண அரக்குக் கட்டியை அழுத்துகிறார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகிப் பரவுகிறது. பிறகு தாழை ஓலையால் மெருகு. நம் அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகளும் இப்படி அரக்குப் பூசியவையே. பார்க்க எத்தனை அழகு! ஆனால் அரக்கு சூட்டில் இளகும். சொப்பு விளையாட்டுக்குச் சரி; நிஜ அடுப்புக்குச் சரிப்படாது.

பிரிட்டனில் வேல்ஸ் என்ற நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. வாலிபன் தான் விரும்பும் பெண்ணுக்கு ஒரே மரத்துண்டில் கரண்டி செதுக்கிக் கொடுப்பான். அதில் இதயம், சங்கிலி, கூண்டுக்குள் உருளும் குண்டு என்று வேலைப்பாடெல்லாம் இருக்கும். கார்டிப் நகருக்கு அருகே செயின்ட் பேகன்ஸ் அருங்காட்சியகத்தில் 1667-ஆம் வருஷம் பொறித்த கரண்டி ஒன்று இருக்கிறது. இவ்வளவு பொறுமை உள்ளவன் கணவனாக வந்தால் வேண்டாமென்பார்களா?

எப்படிப் பேணுவது?

ஈயச் சொம்பையும் கல்சட்டியையும் எவர்சில்வர் கரண்டி கீறும். இந்தக் காலத்து ஒட்டாத வாணலியையும் கீறும். மரம் கீறாது, சூடும் ஏறாது. ஆனால் அதற்குச் சில உபசாரங்கள் உண்டு. உபயோகித்த உடனே கழுவித் துடையுங்கள். ஊறப் போடவே வேண்டாம். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள்ளும் வேண்டாம். ஈரம் வடியும்படி தொங்கவிடுங்கள். மஞ்சள் கறை கவலை தர வேண்டியதில்லை. சிறிது நேரம் இளவெயில் பட்டால் வெளுத்துவிடும். வாடை போக எலுமிச்சம்பழமும் உப்பும். வெடிப்பு விட்டால் ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

'மரத்தில் கிருமி தங்காதா?' என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்க விஞ்ஞானி டீன் கிளைவர் 1990-களில் காய் நறுக்கும் பலகைகளை வைத்துச் சோதித்தார். மரத்தின் மேல் விட்ட பாக்டீரியாக்கள் உள்ளே இழுக்கப்பட்டு, பெருகாமல் மடிந்தன. கத்தி வெட்டு விழுந்த பழைய பிளாஸ்டிக் பலகையைக் கையால் கழுவிச் சுத்தமாக்குவதுதான் கடினமாக இருந்தது. அதற்காக மரத்தைக் கழுவாமல் விடலாம் என்று அர்த்தமல்ல!

நான் செய்த துடுப்பு அப்படியொன்றும் அழகல்ல. பிடி கொஞ்சம் கோணல். அதைக் கொண்டு ஊர் திரும்பியதும் திரட்டுப்பால் வைத்தேன். "நான் கிண்டட்டுமா, அம்மா?" என்று என் பெண் இடது கையை நீட்டினாள். 'அந்தக் கை இல்லை' என்று சொல்ல வாய் வந்துவிட்டது. சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் துடுப்பைப் பார்த்தேன். பேசாமல் அவள் நீட்டிய கையிலேயே கொடுத்தேன்.

புதுத் துடுப்புக்கு இரண்டு ஓரமும் இப்போது ஒரே மாதிரிதான் இருக்கின்றன. இன்னும் பத்து வருஷம் கழித்துப் பார்க்க வேண்டும்.