கீழாநெல்லியும் அதன் உறவினரும்

மாரி மழை ஓய்ந்ததும் வயல் வரம்பிலும் புற்றரையிலும் முளைத்தெழும் கீழாநெல்லியை அறியாதார் நம் நாட்டில் மிகச் சிலரே. செங்கமாரிக்கு அதனை அரைத்துக் கொடுப்பது நாட்டு வைத்திய மரபு. ஆயின், கீழாநெல்லி என்று பிடுங்கப்படுவன அனைத்தும் கீழாநெல்லிதாமா?

இச்செடி முதற் பார்வையிலேயே கண்ணை ஏமாற்றுவது. இருமருங்கும் சிற்றிலைகள் அடுக்கிய அதன் உறுப்பு, புளியிலை போன்றதொரு கூட்டிலையாகத் தோன்றும். உண்மையில் அது ஒரு சிறுகிளை. கூட்டிலையின் சிற்றிலைக் கக்கத்திற் பூ அரும்புவதில்லை. இங்கோ இலைக் கக்கந்தோறும் பூவும் காயும் கீழ்நோக்கித் தொங்குகின்றன. கீழ்க்காய் நெல்லி என்ற பெயரும் இதனாலேயே வந்தது. பொருத்தமான பெயர்தான், எனினும் இவ்வடையாளம் அதன் நெருங்கிய உறவினருக்கும் பொதுவானது. குடும்பத்தைக் காட்டுமேயன்றி ஆளைக் காட்டாது.

ஆளை அறியக் காயை நோக்க வேண்டும். கீழாநெல்லியின் காய் வழுவழுப்பானது. சிறு காம்பிலே தொங்குவது. சிவப்புக் கீழாநெல்லியின் காயோ சொரசொரப்பானது. காம்பின்றித் தண்டோடு ஒட்டியதுபோல இருக்கும். தண்டிலும் செம்மை படர்ந்திருக்கும். ஆனால், நிறத்தை மட்டும் நம்புதல் தகாது. வேறோர் உறவினமான பிலாந்தசு தெபிலிசு இன்னும் நெருங்கியது. அதன் பூவிற் புல்லிகள் ஆறு, கீழாநெல்லியில் ஐந்து. இதனைக் காணக் கைவில்லை வேண்டும்.

கற்றோரும் இங்கே தடுமாறினர். லின்னேயசு 1753 இல் சூட்டிய பிலாந்தசு நிரூரி என்ற பெயரையே ஆசியக் கீழாநெல்லிக்கும் நெடுங்காலம் வழங்கி வந்தனர். அப்பெயருக்குரிய செடி அமெரிக்காவினது என்றும், நம்முடையது 1827 இல் கசப்பைக் குறிக்கும் அமாரசு என்ற பெயர் பெற்ற இனமே என்றும் 1950களில் வெப்சுற்றர் என்ற அமெரிக்கத் தாவரவியலார் தெளிவுபடுத்தினார். பழைய பெயர் இன்றும் மருந்துப் புட்டிகளில் அழியாதிருப்பது வியப்பன்று. பெயர்கள் எளிதில் ஓய்வு பெறுவதில்லை.

இது வெறும் பெயர்ச் சண்டையன்று. ஈரலழற்சி பி கிருமியைத் தாங்கியோருக்குச் சென்னையில் இம்மூலிகையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 1988 இல் வெளியாயிற்று. மருந்துண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததென்றது அது. பின்னர்ப் பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அப்பயன் காணப்படவில்லை. பயன்பட்ட செடி எது என்ற வினாவும் அப்போது எழுந்தது. தென்னிந்தியாவின் 25 கடைகளில் வாங்கிய சரக்கை ஆராய்ந்த அறிக்கை 2010 இல் வந்தது. அதில் ஆறு இனங்கள் இருந்தன. மாதிரிகளில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு கீழாநெல்லியன்று.

உலர்ந்த கட்டில் இலை உதிர்ந்துவிடும், பூ உருவிழந்துவிடும். விதை மட்டும் எஞ்சும். கீழாநெல்லி விதையின் முதுகில் வரிகள் நீளவாக்கில் ஓடும். சிவப்புக் கீழாநெல்லி விதையில் அவை குறுக்கே ஓடும்.