கிராம்புக்கு விலை துணி!

மீஞ்சூருக்கு வடக்கே, கடலோரத்தில் இருக்கிறது பழவேற்காடு. டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டியது ஏன் தெரியுமா?

1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்து சேர்ந்தார். ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்குக் கடல் வழி திறந்தது. சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பின், வாசனைச் சரக்கு தேடி டச்சுக்காரர்களும் கப்பல் ஏறினார்கள்.

கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்தது இந்தோனேசியத் தீவுகளில். அங்கே சோழமண்டலக் கரைத் துணிக்கு ஏக கிராக்கி! துணியைக் கொடுத்தால் சரக்கு கிடைக்கும்.

அந்தத் துணிக்காகவே பழவேற்காட்டுக்கு வந்தார்கள். 1613-ல் 'கெல்டிரியா' கோட்டை எழுந்தது.

துணியோடு விட்டார்களா? பஞ்சத்தில் விலைக்குப் போன ஏழைகளையும் அடிமைகளாகக் கப்பலில் ஏற்றினார்கள்.

கோட்டை அழிந்துவிட்டது. டச்சுக்காரர்களின் கல்லறைகள், செதுக்கிய பெயர்களோடு இன்றும் நிற்கின்றன. அடிமைகளாகப் போனவர்களின் பெயர்களை யார் அறிவார்?