இருக்கிற ஊரின் பிறை

பெங்களூரில் படிக்க வந்த அரபு மாணவருக்கு ரம்ஜான் நோன்பின் கடைசி நாள்தான் பெரிய சோதனை. 2025 மார்ச் 30 அன்று சவூதி அரேபியாவில் பெருநாள். பெங்களூரிலோ அன்றும் நோன்பு, பெருநாள் மறுநாள்தான். 2024லும் இதே கதை: அங்கே ஏப்ரல் 10, இங்கே 11. ஊரிலிருந்து தொலைபேசியில் வாழ்த்து வரும்போது இவர் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார்.

எந்தப் பிறையை ஏற்பது? இருக்கிற ஊரின் பிறையைத்தான் என்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் பதில். பெருநாள் ஊரோடு சேர்ந்து கொண்டாடுவதற்கு.

மறுநாள் காலை ஈத்கா மைதானத்தில் அடுத்த தடுமாற்றம். பெங்களூரில் உருது பேசும் முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனபி வழியினர். பெருநாள் தொழுகையில் கையுயர்த்திச் சொல்லும் கூடுதல் தக்பீர்கள் அவர்களுக்கு ஆறு. காயல்பட்டினத்திலும் இந்தோனேசியாவிலும் பின்பற்றப்படும் ஷாபி வழியில் பன்னிரண்டு. பழகிய கை தானாக உயரப் பார்க்கும். இமாமைப் பார்த்துச் செய்தால் தீர்ந்தது.

தொழுகை முடிந்து யார் வீட்டுக்குப் போனாலும் ஷீர் குர்மா தயார்: பால், சேமியா, பேரீச்சம்பழம். ஷீர் என்றால் பாரசீகத்தில் பால், குர்மா, பேரீச்சை. ஈரானியருக்கு விளக்கம் தேவையில்லை. முஸ்லிம் அல்லாத வெளிநாட்டு விருந்தாளிக்கும் ஒரு கிண்ணம் உண்டு.

பெருநாளில் ஏழை பசித்திருக்கக் கூடாது என்பதற்காக, தொழுகைக்கு முன்பே பித்ரா தர்மம் கொடுத்தாக வேண்டும். தனிமையில் இருப்பவருக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அதைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.