பழைய மோட்டார் சைக்கிளும் ஒரு வாளித் தண்ணீரும்

உங்கள் அப்பாவோ அண்ணனோ பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கப் புறப்பட்டால், நீங்களும் கட்டாயம் உடன் செல்லுங்கள். பாடப்புத்தகத்தில் படித்த இயற்பியலுக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது.

எங்கள் கல்லூரியின் ஆய்வக உதவியாளர் என்னைவிட வயதில் மூத்தவர். நான் அவரை அண்ணன் என்றுதான் அழைப்பேன். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. பேருந்து நிற்கும் சாலையிலிருந்து அவர்கள் ஊருக்கு 4 கி.மீ. தூரம். சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டில் அவள் நடந்து வருவது அண்ணனுக்குத் தீராத கவலை. ஆகவே சீட்டு எடுத்த பணம் 30,000 ரூபாயுடன் ஒரு 100 சி.சி. வண்டியைப் பார்க்கக் கிளம்பினார். “சார், நீங்களும் கூட வாங்க” என்றார். மகளும் வந்தாள்.

விற்பவர் வண்டியை நன்றாகத் துடைத்து வைத்திருந்தார். அவர் அதைக் கிளப்புவதற்கு முன், எஞ்சினைச் சுற்றியுள்ள துடுப்புகளின் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோனேன். அனல் அடித்தது. நாங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் வண்டி நன்றாக ஓடியிருக்கிறது! ஒரே உதையில் எஞ்சின் கிளம்பியது, புகையும் இல்லை. அண்ணனின் முகம் மலர்ந்துவிட்டது. “நாளைக் காலையில் வருகிறோம். அதுவரை யாரும் கிளப்ப வேண்டாம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

சூடான எஞ்சினைப் பார்த்து ஏன் முடிவு செய்யக்கூடாது? குளிர்ந்த நிலையில் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. எண்ணெயின் பாகுநிலையும் அதிகம். எனவே எஞ்சினைக் கிளப்புவது கடினம். மேலும், பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது; அது இயங்கும் உருளையின் உட்சுவர் பெரும்பாலும் இரும்பு. ஒரே அளவு சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரியும். தேய்ந்த பிஸ்டன் குளிரில் ‘டக் டக்’ என்று சுவரில் மோதி ஒலி எழுப்பும். சூடானதும் இடைவெளி குறுகி, அந்த ஒலி அடங்கிவிடும். குறையை வெப்பமே மறைத்துவிடுகிறது அல்லவா?

மறுநாள் காலை எஞ்சின் சில்லென்று இருந்தது. முதலில் கிக்கரைக் காலால் உதைக்காமல், கையால் மெல்ல அழுத்தச் சொன்னேன். அந்தப் பெண்தான் அழுத்தினாள். ஓரிடத்தில் அது கெட்டியாக எதிர்த்து நின்றது. இங்கே ஒரு சிறு கணக்கு. 1985 ஆம் ஆண்டு நம் நாட்டில் வெளிவந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 வண்டியில், உருளையின் விட்டம் 50 மி.மீ.; பிஸ்டன் நகரும் தூரம் 49.5 மி.மீ. கன அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள், 97.2 க.செ.மீ. வரும். ‘100 சி.சி.’ என்று நாம் சொல்வது இதைத்தான்.

இத்தகைய எஞ்சினில் காற்று ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காக இறுக்கப்படுகிறது. வெப்பம் வெளியேறாமல், காற்றும் கசியாமல் இது நடந்தால், 27 டிகிரியில் இருந்த காற்று 450 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும்; அழுத்தம் 21 வளிமண்டலத்தைத் தாண்டும். இதுவே வெப்பமாற்றீடற்ற இறுக்கம். அழுத்தமானியை வைத்து அளந்தால் இதில் ஏறத்தாழ பாதிதான் கிடைக்கும். சுவர் வழியே வெப்பம் போகிறது. வால்வு சற்றுத் தாமதித்து மூடுகிறது. பிஸ்டன் வளையங்களின் ஓரமாகவும் கொஞ்சம் கசிகிறது. வளையங்கள் தேய்ந்திருந்தால் கசிவு மிகுதியாகி, கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் ‘தொபுக்’கென்று கீழே இறங்கிவிடும். இந்த வண்டியில் அப்படி இல்லை.

பிறகு கிளப்பினோம். மூன்றாவது உதையில் கிளம்பியது. கூடவே குப்பென்று நீலப் புகை! அண்ணன் என்னைப் பார்த்தார். அரை நிமிடத்தில் புகை நின்றுவிட்டது.

புகையின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். கரும்புகை என்றால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது; கார்புரேட்டரைச் சரிசெய்தால் பெரும்பாலும் தீரும். குளிர் காலையில் வெண்மையாக வந்து உடனே கலைவது நீராவி. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்றால் நம்புவீர்களா? சைலன்சரில் நீர் சொட்டுவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். நீலம்தான் எண்ணெய் எரிவதற்கு அடையாளம். அதிலும் வேறுபாடு உண்டு. சுமையோடு முடுக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் பிஸ்டன் வளையங்களைச் சந்தேகிக்கலாம். அது பெரிய செலவு. இரவு முழுவதும் நின்றபின் முதலில் மட்டும் வந்து நின்றால், வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் வழியே எண்ணெய் கசிந்திருக்கலாம். அது சிறிய வேலை. அண்ணனுக்கு மூச்சு வந்தது.

மற்றவற்றை விரைவாகப் பார்த்தோம். முன்புறத்தை அழுத்தி விட்டால் ஒரே எழும்பலில் அமைதியடைய வேண்டும். இதுவே தடையுறு அலைவு. இரண்டு மூன்று முறை ஆடினால் ஃபோர்க்கில் எண்ணெய் குறைந்திருக்கும். நடு ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரத்தைத் தூக்கி, ஹாண்டில்பாரை மெல்லத் திருப்பிப் பார்க்கலாம். நேரான நிலையில் ஏதோ பள்ளத்தில் விழுவதுபோல் சிக்கினால் பேரிங் போய்விட்டது. நாம் பெரும்பாலும் நேராகவே ஓட்டுவதால், சாலையின் அதிர்ச்சிகளைத் தாங்கும் குண்டுகள் அந்த ஒரே இடத்தில் குழி பறித்துவிடுகின்றன. மீட்டர் 24,000 கி.மீ. காட்டியது. 7 ஆண்டு வண்டி என்றால் ஒரு நாளைக்கு 10 கி.மீ.கூட இல்லை. ஆனால் பிரேக் மிதியின் வரிகள் முழுவதும் தேய்ந்து வழவழப்பாக இருந்தன. மீட்டரைவிட மிதியையே நான் நம்புவேன்.

கடைசியாக ஒரு வாளித் தண்ணீர் கேட்டேன். விற்பவர் வண்டியைக் கழுவத்தான் என்று நினைத்தார்! இரண்டு டயர்களையும் நனைத்து, காய்ந்த சிமெண்டுத் தரையில் வண்டியை நேராகத் தள்ளினோம். பின் சக்கரத்தின் தடம் முன் சக்கரத்தின் தடத்தின் மேலேயே விழ வேண்டும். இங்கோ ஏறத்தாழ 2 செ.மீ. வலப்புறம் விலகி விழுந்தது. வளைவாகத் தள்ளினாலும் தடம் விலகும். ஆகவே ஆய்வகத்தில் செய்வதுபோல் மூன்று முறை தள்ளினோம்; பிறகு வண்டியைத் திருப்பி எதிர்த்திசையிலும் தள்ளினோம். ஒவ்வொரு முறையும் வண்டியின் வலப்பக்கமே விலகல்! பின் சக்கரம் கோணலாகப் பூட்டப்பட்டிருந்தாலும் இப்படி ஆகலாம். சங்கிலியை இறுக்கும் இடத்தில் இரு பக்கக் குறிகளையும் ஒப்பிட்டேன்; சமமாகவே இருந்தன. அப்படியானால் வளைந்திருப்பது ஃபோர்க் அல்லது சட்டம்.

“எப்பங்க விழுந்துச்சு?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

விற்பவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “லேசா ஒரு தடவைங்க. ஓட்ட ஓட்டப் பழகிடும். 2,000 குறைச்சுக்கலாம்” என்றார்.

அண்ணன் தயங்கினார். எஞ்சின் நன்றாக இருக்கிறதே என்ற ஆசை அவருக்கு. சட்டம் கோணிய வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அவசரத்தில் பிரேக் பிடித்தால் நேராக நிற்காமல் போகலாம். பின்னால் மகளை ஏற்றிக்கொண்டு இருட்டில் வரப்போகும் வண்டி அது. “வேணாம்ப்பா” என்று அவளே சொல்லிவிட்டாள். பணம் மறுபடியும் அண்ணனின் மஞ்சள் பைக்குள் போயிற்று.

அடுத்த மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வண்டியை வாங்கினார்கள். சட்டத்தில் பொறித்த எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டு, வங்கிக் கடன் குறிப்பு ஏதும் இல்லை என்று பார்த்து, படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றத்துக்கும் கொடுத்துவிட்டார்கள். நான் போகவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு அவளே போயிருக்கிறாள். இரண்டு தடங்களும் ஒன்றாக விழுந்தனவாம். பெட்ரோல் தொட்டியில் நிறையக் கீறல். மீட்டர் காட்டியது 61,000 கி.மீ.