கைநிரப்புத் தோட்டா

கைநிரப்புத் தோட்டா என்பது, தொழிற்சாலையில் முழுமையாகச் செய்து விற்கப்படும் தோட்டாவுக்கு மாற்றாக, அதன் உறுப்புகளைத் தனித்தனியே பெற்று, கைக்கருவிகளின் உதவியால் அளந்து நிரப்பி உருவாக்கப்படும் தோட்டா ஆகும். ஒருமுறை சுடப்பட்ட பித்தளை உறையையே மீண்டும் பயன்படுத்துவது மறுநிரப்பல் எனப்படும். அமெரிக்கா முதலிய நாடுகளில் துப்பாக்கி சுடும் போட்டியாளர்கள் இம்முறையைப் பரவலாகக் கையாள்கின்றனர். இந்தியாவில் இது ஆயுதச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது.

கைநிரப்பலின் நோக்கம் தோட்டாவின் ஆற்றலைக் கூட்டுவது என்று பலர் கருதுவதுண்டு. போட்டியாளரின் நோக்கம் அதுவன்று. ஒவ்வொரு தோட்டாவும் மற்றொன்றைப் போலவே இயங்க வேண்டும் என்பதே அவர் நாடும் பண்பு ஆகும்.

தோட்டாவின் உறுப்புகள்

கைத்துப்பாக்கித் தோட்டா நான்கு உறுப்புகளைக் கொண்டது.

* உறை: பெரும்பாலும் பித்தளையால் ஆனது. சுடும்போது விரிந்து, துப்பாக்கியின் அறைச்சுவரோடு ஒட்டி, வாயு பின்புறம் கசியாமல் தடுக்கிறது.
* பிரைமர்: உறையின் அடிப்பகுதியில் பொருத்தப்படும் சிறு கிண்ணம். சுத்தியல் ஊசி தாக்கும்போது தீப்பொறியை உண்டாக்குகிறது.
* உந்துமருந்து: எரிந்து வாயுவாக மாறிக் குண்டை உந்தித் தள்ளுகிறது.
* குண்டு: ஈயத்தாலோ, செம்பு உறையிட்ட ஈயத்தாலோ ஆனது. குழலிலிருந்து வெளியேறி இலக்கை அடைவது இது மட்டுமே.

பிரைமரில் இரு வகைகள் உண்டு. இங்கிலாந்தின் எட்வர்டு பாக்சர், அமெரிக்காவின் ஐரம் பெர்டான் ஆகிய இருவரும் 1866ஆம் ஆண்டில் தத்தம் வடிவமைப்புகளுக்குக் காப்புரிமை பெற்றனர். பாக்சர் வகை உறையின் நடுவில் ஒரே ஒரு துளை இருக்கும். அதன் வழியே ஊசியைச் செலுத்திப் பழைய பிரைமரை எளிதில் அகற்றலாம். எனவே மறுநிரப்பலுக்கு இவ்வகையே ஏற்றது. .22 ரிம்ஃபயர் தோட்டாக்களில் தீப்பற்றும் பொருள் உறையின் விளிம்புக்குள்ளேயே அமைந்திருப்பதால், அவை வழக்கமாக மறுநிரப்பலுக்கு உட்படுத்தப்படுவதில்லை.

உந்துமருந்தும் பட்டாசு மருந்தும்

தொடக்கக் காலத் தோட்டாக்களில் வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவை கலந்த கருமருந்து பயன்பட்டது. 1884இல் பிரான்சு நாட்டின் பால் வியேய் புகையற்ற மருந்தை உருவாக்கினார். 1889இல் இங்கிலாந்தில் கார்டைட் உருவானது. தமிழ்நாட்டில் நீலகிரி மாவட்டத்தின் அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட தொழிற்சாலை இம்மருந்தின் பெயராலேயே கார்டைட் தொழிற்சாலை என அழைக்கப்படுகிறது. 2021 அக்டோபர் முதல் அது முனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்கி வருகிறது.

புகையற்ற மருந்து திறந்த வெளியில் ஒப்பளவில் மெதுவாகவே எரியும். மூடிய அறைக்குள் அழுத்தம் கூடக்கூட அதன் எரிவேகமும் கூடும். மணிகளின் வடிவம், பருமன், மேற்பூச்சு ஆகியவற்றால் இவ்வேகம் கட்டுப்படுத்தப்படுகிறது. குண்டு குழலில் நகரத் தொடங்கி, வாயுவுக்கு இடம் விரிந்துகொண்டே செல்வதையும் கணக்கில் கொண்டு இம்மருந்து வடிவமைக்கப்படுகிறது.

விருதுநகர், அதனை அடுத்துள்ள சூலக்கரை, சாத்தூர், சிவகாசி வட்டார மக்களுக்குப் பட்டாசு மருந்து நன்கு அறிமுகமான பொருள். ஆயினும் அது உந்துமருந்துக்கு மாற்று ஆகாது. ஒலி வெடிகளில் பயன்படும் அலுமினியத்தூள் கலவை நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் எரிந்து முடிகிறது. குண்டு நகர்ந்து வாயுவுக்கு இடம் தருவதற்கு முன்பே அழுத்தம் அறையின் தாங்குதிறனைக் கடந்துவிடும்; துப்பாக்கி கையிலேயே சிதறும். மேலும் இத்தகைய கலவைகள் உராய்வு, நிலைமின்சாரம் ஆகியவற்றாலும் தீப்பற்றக்கூடியவை. ஆலைகளிலேயே இவை பேரிழப்பை ஏற்படுத்தியுள்ளன. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் 35க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

உருவாக்கும் முறை

சுடப்பட்ட உறை முதலில் தூய்மை செய்யப்பட்டு, விரிசல் உள்ளதா எனச் சோதிக்கப்படுகிறது. பின்னர் அச்சுக்குள் அழுத்தப்பட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவரப்படுகிறது. புதிய பிரைமர் பொருத்தப்பட்டு, மருந்து நிறுத்து இடப்பட்டு, குண்டு குறித்த ஆழத்தில் அமர்த்தப்படுகிறது. மருந்தின் எடை கிரெயின் என்னும் அலகில் அளக்கப்படும். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.065 கிராம்.

எவ்வளவு மருந்து என்பது ஊகத்தால் முடிவு செய்யப்படுவதில்லை. மருந்து உற்பத்தியாளர்கள் ஆய்வகத்தில் அழுத்தத்தை அளந்து வெளியிடும் அட்டவணைகளே அடிப்படை. அவற்றின் வரம்புக்குள் குறைந்த அளவிலிருந்து தொடங்கி, சிறு சிறு படிகளில் சோதிப்பதே மரபு. உறை, பிரைமர், குண்டு, அமர்த்தும் ஆழம் ஆகியவற்றில் எது மாறினாலும் அழுத்தமும் மாறும். குண்டு சற்று ஆழமாக அமர்ந்தால் உள்ளிடம் குறைந்து அழுத்தம் உயரும்.

சீர்மையை அளத்தல்

குண்டின் வேகம் குரோனோகிராப் என்னும் கருவியால் அளக்கப்படுகிறது. சராசரியைவிட வேகங்களின் சிதறலே இங்கு முக்கியம். எடுத்துக்காட்டாக, இருவகைத் தோட்டாக்களின் வேகங்கள் (மீட்டர்/வினாடி) பின்வருமாறு இருப்பதாகக் கொள்வோம்.

* முதல் வகை: 250, 252, 249, 251, 248
* இரண்டாம் வகை: 238, 262, 245, 255, 250

இரண்டின் சராசரியும் 250 தான். இவ்வேகத்தில் செல்லும் குண்டு 25 மீட்டரைக் கடக்க 0.1 வினாடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பால் ஏறத்தாழ 4.9 செ.மீ. கீழிறங்கும். காற்றுத்தடையைத் தவிர்த்துக் கணக்கிட்டால், வேகமான குண்டுக்கும் மெதுவான குண்டுக்கும் இடையிலான இறக்க வேறுபாடு முதல் வகையில் 1.6 மி.மீ. மட்டுமே, இரண்டாம் வகையில் 9 மி.மீ.க்கும் மேல். 25 மீட்டர் துல்லியச் சுடுதல் இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மி.மீ. என்பதோடு இதனை ஒப்பிட்டால் சீர்மையின் பயன் விளங்கும்.

போட்டிகளில் பயன்பாடு

ஒலிம்பிக் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் காற்றுத் துப்பாக்கியும் .22 ரிம்ஃபயர் துப்பாக்கியுமே இடம்பெறுவதால் அங்குக் கைநிரப்பலுக்கு இடமில்லை. 25 மீட்டர் சென்டர்ஃபயர் போட்டியில் 7.62 முதல் 9.65 மி.மீ. வரையிலான குண்டுகள் அனுமதிக்கப்படுகின்றன. இந்தியாவின் ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமா, 2006 தோகா ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றது இப்பிரிவில்தான். இதில் தட்டையான முனை கொண்ட குண்டுகள் விரும்பப்படுகின்றன. அவை தாளில் தெளிவான வட்டத் துளையிடுவதால் புள்ளி கணிப்பது எளிது.

நடைமுறைச் சுடுதல் போட்டிகளில் ஆற்றல் காரணி என்னும் அளவு உண்டு. குண்டின் எடையை (கிரெயின்) வேகத்தால் (அடி/வினாடி) பெருக்கி 1000ஆல் வகுத்தால் இது கிடைக்கும். 124 கிரெயின் குண்டு 1050 அடி/வினாடி வேகத்தில் சென்றால் காரணி 130.2. குறைந்த அளவான 125ஐ எட்டாத தோட்டாவுக்குப் புள்ளிகள் இல்லை.

இடர்கள்

* இரட்டை நிரப்பு: ஒரே உறையில் இருமுறை மருந்து இடப்படுதல். துப்பாக்கி வெடித்துச் சிதறலாம்.
* வெற்று நிரப்பு: மருந்து இடப்படாமல் போதல். பிரைமரின் விசையால் குண்டு குழலுக்குள் சென்று சிக்கிக்கொள்ளும். அதனை அறியாமல் அடுத்த தோட்டாவைச் சுடுவது பேராபத்து.
* ஈய நச்சு: ஈயத்தூள் கை வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் சேரும்.

இந்தியாவில் சட்டநிலை

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வெடிமருந்து (அம்யூனிஷன்) என்பதன் வரையறைக்குள் முழுத் தோட்டாவை மட்டுமன்றி அதன் உறுப்புகளையும், அதனை உருவாக்கும் எந்திரங்களையும் சேர்த்துள்ளது. அச்சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி உரிமம் இன்றி இவற்றை உற்பத்தி செய்வது குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இதற்கான தண்டனை குறைந்தது 7 ஆண்டுச் சிறை முதல் ஆயுள் சிறை வரை ஆகும். பட்டாசுத் தொழில் 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம், 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் ஆகியவற்றின்கீழ் உரிமம் பெறுகிறது. பட்டாசு ஆலைக்கான உரிமம் தோட்டா நிரப்பும் உரிமையைத் தராது. ஆகவே இந்தியக் கைத்துப்பாக்கிப் போட்டியாளர்கள் பெரும்பாலும் உரிமத்தின் பேரில் பெறும் தொழிற்சாலைத் தோட்டாக்களையே பயன்படுத்துகின்றனர்.